குதிரைக்குக் கண் திறக்கும் மொழி

கேள்வி: ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூணைக் கம்ப்யூட்டரில் தத்ரூபமாகக் காட்ட சி++ போதாதா? தனி மொழி எதற்கு?
(வாசகர், திருவானைக்காவல்)

பதில்: பாறையைப் பிளக்கும் சம்மட்டியால் குதிரைக்குக் கண் திறக்க முடியாது, சிற்றுளி வேண்டும். படத்தை உருவாக்கும் ரெண்டரரைத் தாராளமாக சி++இல் எழுதலாம். ஆனால் கோயில் தூண் கைபடும் உயரத்தில் எண்ணெய் ஏறிப் பளபளக்கும்; அதற்கு மேலே அதே கருங்கல் சொரசொரத்து மங்கிக் கிடக்கும். அந்தப் பளபளப்பை ஓவியர் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்தாக வேண்டும். அதற்காகவே 1990இல் பாட் ஹன்ராஹனும் ஜிம் லாசனும் ரெண்டர்மேன் என்ற ரெண்டரிங் அமைப்பின் ஷேடிங் மொழியை, அதாவது பரப்பின் தோற்றத்தை எழுதும் மொழியை, விவரித்தார்கள். சோனி இமேஜ்வொர்க்ஸ் 2010இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஓஎஸ்எல் (ஓப்பன் ஷேடிங் லாங்வேஜ்) என்ற மொழி இன்னும் அழகு: அதில் கல்லுக்கான நிரல் இறுதி நிறத்தைச் சொல்லாது, ‘இந்த இடம் ஒளியை இப்படித் திருப்பும்’ என்று மட்டும் சொல்லும். கதிரை எங்கே அனுப்புவது என்பது ரெண்டரரின் பாடு. காலை வெயிலை எடுத்துவிட்டுத் தீபத்தை வைத்தாலும் கல்லின் நிரலில் ஓர் எழுத்தைத் தொட வேண்டாம்.

தனி மொழி என்றால் வேகம் குறையுமே என்பீர்கள். காட்சியின் அளவுகள் தெரிந்தபிறகே ஓஎஸ்எல் எந்திர மொழியாக மாறுகிறது. தேவையில்லாத கணக்குகளை அப்போதே கழித்துவிடுகிறது. முன்பு சி மொழியில் எழுதிய ஷேடர்களைவிட, அதாவது இத்தகைய பரப்பு நிரல்களைவிட, இது வேகமாக ஓடியதாக உருவாக்கியவர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.