பேய்க்குப் பரீட்சை வையி, மருமகனே!

ஆக, உம் மக கெட்டுப்போயிட்டா. அதைச் சொல்லத்தான் லீவு போட்டு, பஸ் ஏறி, தாய்மாமன் வீட்டுத் திண்ணைக்கு வந்திருக்கே. நானும் என்னமோ ஏதோன்னு பதறிட்டேன். விசாரிச்சா, ஹாரி பாட்டர் அஞ்சாம் பாகத்தை விடிய விடிய முழிச்சிருந்து முடிச்சிட்டாளாம். 766 பக்கம்! ஊர்ப்புற நூலகத்துல புஸ்தகம் குடுத்து வாங்கின காலம் பூராவும், பிள்ளை படிக்க மாட்டேங்கிறான்னு அழுத அப்பன்மாரைத்தான் பாத்திருக்கேன். படிக்கிறான்னு பிராது கொண்டாந்த முத ஆளு நீதான் மருமகனே. உக்காரு. மோரு குடி. மூஞ்சி பேயறைஞ்சாப்ல இருக்கு.

"படிக்கட்டும் மாமா, வேண்டாங்கலை. பேயி, மந்திரவாதி, ரத்தக்காட்டேரின்னே படிச்சா மனசு கெட்டுப்போகாதா?"

கெட்டுத்தான் போகும். உனக்குப் போகலையா? அம்புலிமாமா வந்த அன்னைக்கு நீ ஒழுங்காச் சோறு தின்னிருக்கியா? நடுராத்திரி, முருங்கமரம், அதுல தொங்குற பொணம். அதைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஒரு ராசா சுடுகாட்டைப் பாத்து நடப்பாரு. பொணத்துக்குள்ள இருக்கிற வேதாளம் கதை சொல்லி, கேள்வி கேட்டு, பதில் தெரிஞ்சும் சொல்லலைன்னா தலை சுக்குநூறா வெடிச்சிரும்னு மிரட்டும். 1947ல பிள்ளைகளுக்குன்னே ஆரம்பிச்ச பத்திரிகைய்யா அது. உன் தலை வெடிக்கலையே. வெடிச்சிருந்தா உள்ள கொஞ்சம் காத்தாவது போயிருக்கும்.

பெறகு முத்து காமிக்ஸ். 1972ல வந்த முத புஸ்தகமே இரும்புக்கை மாயாவி. மின்சாரத்தைத் தொட்டா ஆளு மறைஞ்சிருவான், இரும்புக்கை மட்டும் அந்தரத்துல திரியும். நீ ஸ்விட்சுப் பெட்டிகிட்டப் போயி ஒரு மார்க்கமா நின்னதுக்கு எங்க அக்கா வெளக்கமாத்தைத் தூக்கினாளே, மறந்துபோச்சா? அந்த மாயாவியும் நம்மூரு ஆளில்லை. 1962ல பிரிட்டன் பத்திரிகையில பொறந்தவன்.

அந்த மாயாவி பொறக்குறதுக்கு முன்னாடியே, அந்த தேசத்துல உன்னை மாதிரி அப்பன்மாரு சேந்து ஒரு கூத்து அடிச்சாங்க. அதைக் கேளு. உனக்கு அது உபயோகமாகும்.

1954 செப்டம்பர் மாசம். ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ பட்டணம். அங்க கார்பல்ஸ்னு ஒரு ஏழை ஜனங்க இருக்கிற பேட்டை. ஒருநாள் பொழுதுசாய, அங்க உள்ள பெரிய கல்லறைத் தோட்டத்துக்குள்ள நூத்துக்கணக்குல பிள்ளைக பூந்திருச்சு. எல்லாம் நாலு வயசுலருந்து பதினாலு வயசு வரைக்கும் உள்ள உருப்படிக. கையில கம்பு, கத்தி, கல்லு. என்ன சங்கதின்னா, ஏழடி உசரத்துல இரும்புப் பல்லு வச்ச ஒரு ரத்தக்காட்டேரி ரெண்டு பயலுகளைத் தின்னுட்டதாம். அதை வேட்டையாட வந்திருக்காங்க. கல்லறைக்குப் பின்னாடி ஒரு இரும்பு உருக்காலை. அது செக்கச்செவேல்னு வெளிச்சத்தையும் பொகையையும் கக்கும்போது கல்லறைக்கல்லு ஒவ்வொண்ணும் எந்திரிச்சு நிக்கிற மாதிரி இருந்திருக்கும். போலீஸ்காரரு வந்தாரு. பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியாரு வந்து புத்தி சொன்னாரு. கடைசியில மழை பெஞ்சுதான் கூட்டம் கலைஞ்சது. மறுநாளும் பிள்ளைக வந்திருச்சு. ஊருக்குள்ள ஒரு பயலும் காணாமப் போகலை, காட்டேரியும் ஆம்பிடலை.

பெரிய ஆளுக என்ன செஞ்சாங்க? அமெரிக்காவுலருந்து வார பேய்க் காமிக்ஸ்தான் இதுக்கெல்லாம் காரணம்னாங்க. பேப்பர்ல எழுதினாங்க. பார்லிமெண்டுல பேசினாங்க. 1955ல சட்டமே போட்டாங்க, பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்யிற பயங்கரப் படக்கதைகளை அச்சடிக்கவோ விக்கவோ கூடாதுன்னு. அமெரிக்காவுலயும் அதே சமயத்துல அதே கூப்பாடு. ஃபிரெட்ரிக் வெர்தாம்னு ஒரு மனநல டாக்டரு, பிள்ளைக கெட்டுப்போறதுக்குக் காமிக்ஸ்தான் காரணம்னு 1954ல தடிப் புஸ்தகம் ஒண்ணு எழுதினாரு. அந்த வருஷமே கம்பெனிக்காரங்க தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கிட்டாங்க. பேய்க் காமிக்ஸ் வித்த கடையெல்லாம் காத்தாடிப்போச்சு.

இரும்புப் பல்லு அந்தக் காமிக்ஸுக்கு முந்தியே உண்டு, பாரு. பைபிள்ல தானியேல் ஆகமத்துலயே இரும்புப் பல்லு வச்ச மிருகம் ஒண்ணு வருது. தூங்காத பிள்ளைய மிரட்டுறதுக்கு இரும்புப்பல்லு ஜென்னின்னு ஸ்காட்லாந்துக்காரங்களே பாடி வச்ச பழைய பாட்டும் இருக்கு. அதைத் தடை செய்யணும்னு ஒருத்தரும் எந்திரிக்கலை.

இதுல இன்னொண்ணு இருக்கு மருமகனே. அந்தப் பிள்ளைக பயந்து வீட்டுக்குள்ள போயிப் பூட்டிக்கலை. முகம் தெரியாத ரெண்டு பயலுகளுக்காக, மூக்கொழுகிக்கிட்டுக் கம்பைத் தூக்கிட்டு வந்திருக்கு. அதுல நாலு வயசுப் பொடிசுக வேற. பயந்தது யாரு? கோட்டுப் போட்ட பெரிய ஆளுக.

அதனால தடை போடுற யோசனையை விட்ரு. போட்டா என்ன ஆகும்னும் சொல்றேன். அமெரிக்க நூலகச் சங்கம், ஜனங்க எந்தெந்தப் புஸ்தகத்தை எடுத்துரச்சொல்லிப் புகார் குடுக்காங்கன்னு பட்டியல் போடும். 1990லருந்து பத்து வருஷத்துக்கு அதுல முத எடம், ஆல்வின் ஸ்வார்ட்ஸ் தொகுத்த இருட்டுல சொல்ற பயமுறுத்துற கதைகள். அடுத்த பத்து வருஷத்துக்கு ஹாரி பாட்டர். "இந்தக் கிணத்துக்குள்ள எட்டிப் பாக்காதே"ன்னு எழுதிப்போட்ட கணக்குத்தான், பயலுக பூராவும் கிணத்து மேட்டுல நின்னாங்க. என் நூலகத்துலயும் அப்படித்தானே! பி.டி. சாமி எழுதின பேய் நாவல் ஒண்ணு வந்தா அட்டை பிஞ்சு, தைச்ச நூலு தொங்கி, தாளு தாளாத்தான் திரும்பி வரும். நன்னடத்தைக் கதைகள்னு ஒரு வரிசை வாங்கிப்போட்டாங்க. கல்யாணப் பொண்ணு மாதிரிதான் இருந்துச்சு, நான் ஓய்வு பெறுற வரைக்கும்.

சரி, உனக்கு நெசமா எங்க வலிக்கிதுன்னு நான் சொல்லட்டா? கோவிச்சுக்கப்பிடாது.

போன லீவுல உம் மக விட்டுட்டுப் போன புஸ்தகத்தையெல்லாம் அகராதியும் கையுமா உக்காந்து படிச்சேன். நெறையப் புஸ்தகத்துல ஒண்ணு பாத்தேன். கதை ஆரம்பிக்கிறதுக்குள்ள ஆத்தாளையும் அப்பனையும் அப்புறப்படுத்திருவானுக. ஹாரி பாட்டருக்கு ஒரு வயசுலயே ரெண்டு பேரும் காலி. 2008ல வந்த ஹங்கர் கேம்ஸ்ல அந்தப் பொண்ணுக்கு அப்பன் சுரங்க வெடிப்புல போயிட்டான், ஆத்தா பிரமை பிடிச்சு உக்காந்துட்டா. நீல் கெய்மன்னு ஒருத்தரு, கல்லறைத் தோட்டத்துல ஆவிக வளக்கிற பையனைப் பத்தி அதே வருஷம் எழுதினாரு. முத அத்தியாயத்துலயே குடும்பத்தைத் தீர்த்துட்டுத்தான் மறுவேலை. அதுக்கு அமெரிக்காவுல நியூபெரி, இங்கிலாந்துல கார்னகின்னு ரெண்டு பெரிய பரிசும் கிடைச்சது.

அந்த ஆளே 2002ல எழுதினது கோரலைன். அதுல அப்பன் ஆத்தா சாகலை. வீட்டுலயேதான் இருக்காங்க, ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னாடி. பிள்ளை வந்து "அப்பா"ன்னா திரும்பிப் பாக்காம "போயி விளையாடு"ன்னு சொல்லுவாங்க. எங்கயோ பாத்த மாதிரி இல்லை? அந்தப் பிள்ளை ஒரு கதவைத் தொறந்து போகுது. அங்க இன்னொரு அம்மா. ருசியாச் சமைக்கிறா, கொஞ்சுறா, கூப்பிட்ட கொரலுக்கு ஓடியாரா. ஒரே ஒரு குறை, கண்ணு இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு கறுப்புப் பொத்தான். நீயும் இங்கன இருக்கலாம், உன் கண்ணுலயும் பொத்தான் தைக்கச் சம்மதிக்கணும்கிறா. எனக்கே முதுகுத்தண்டு சில்லிட்டுப்போச்சு. அந்தப் பிள்ளை திரும்பி வந்து, தன்னைத் திரும்பிப் பாக்காத அப்பனையும் ஆத்தாளையும்தான் அந்தப் பொத்தான்கண்ணிகிட்டருந்து மீட்டுக் கொண்டாருது. அதனால நீ இந்தப் புஸ்தகத்துக்குக் கும்பிடு போடணும், பிராது குடுக்கப்பிடாது.

அது அச்சுக்குப் போகும்போது, பிள்ளைகளுக்கு ரொம்பப் பயமா இருக்கும்னு பதிப்பாளரு தயங்கினாங்களாம். எழுத்தாளருக்கு ஏஜெண்டா இருந்த அம்மா தன் மகளுக்கு வாசிச்சுக் காட்டியிருக்கா. "பயமே இல்லை"ன்னுருச்சு அந்தப் பிள்ளை. பல வருஷம் கழிச்சுத்தான் உண்மை வெளிய வந்துச்சு. வாசிக்கக் கேட்டப்ப நடுங்கிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. பயம்னு சொன்னா முடிவு தெரியாமப் போயிரும்னு மூச்சுக் காட்டலை. ஹாரி பாட்டரும் இப்படி ஒரு சிறுசு தயவுலதான் பொழச்சது. ஒரு டஜன் பதிப்பகம் வேண்டாம்னு தள்ளின கட்டு அது. ப்ளூம்ஸ்பரி பதிப்பகத்து முதலாளியோட எட்டு வயசு மக முத அத்தியாயத்தைப் படிச்சிட்டு மிச்சம் எங்கன்னு அரிச்செடுக்கப்போயித்தான் 1997ல வெளிய வந்துச்சு. கெட்டி அட்டையில 500 பிரதி. பெரியவங்க அதுக்கு மேல நம்பலை.

பொட்டப்பிள்ளை பேய்க்கதை படிக்கலாமான்னு உங்க ஆத்தா வேற கேட்டாளாம். படிக்கிறதென்ன, எழுதியே இருக்கா ஒருத்தி. 1815ல இந்தோனேசியாவுல தம்போரா எரிமலை வெடிச்சுக் கக்கின தூசியில, மறுவருஷம் ஐரோப்பாவுக்குக் கோடையே வரலை. ஜெனீவா ஏரிக்கரையில மழைக்கு அடைஞ்சு கிடந்த கூட்டத்துல பைரன் பிரபு, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம்னாரு. பெரிய கவிஞருகளெல்லாம் பாதியில விட்டுட்டாங்க. கூட இருந்த 18 வயசுப் பொண்ணு மேரி விடலை. அதுதான் ஃபிராங்கென்ஸ்டைன். 1818ல வந்தப்ப பேரே போடலை, அதுவும் 500 பிரதிதான். புருஷன் ஷெல்லிதான் எழுதியிருப்பாருன்னு பேசிக்கிட்டாங்க. 179 வருஷம் கழிச்சும், பொம்பளை பேரு இருந்தா பயலுக வாங்கமாட்டானுகன்னு சொல்லி ஹாரி பாட்டர் எழுதின ஜோன் ரௌலிங்கை ஜே.கே. ஆக்கினாங்க. ஆவி, பிசாசெல்லாம் சீக்கிரம் இறங்கிருது, இது இறங்க மாட்டேங்குதே.

எல்லாத்தையும் நான் மெச்சுறேன்னு நினைக்காதே. ட்விலைட்டுனு ஒண்ணு, 2005ல வந்தது. ரத்தக்காட்டேரி வெயில்ல நின்னா பொசுங்கணும், அதுதானே மொறை. இவன் மினுமினுங்கிறான், ஜரிகை வேட்டி கணக்கா. 1901ல பொறந்த கெழவன், பதினோராங்கிளாசுல உக்காந்திருக்கான். அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். தூங்குற பொண்ணு அறைக்குள்ள ராத்திரி ஏறி வந்து பாத்துக்கிட்டே நிக்கிறதைக் காதல்னு எழுதியிருக்கா பாரு, அங்கன எனக்குச் சுருக்குன்னுச்சு. பேயைப் பத்தி மகள்கிட்டப் பேசாதே. இதைப் பேசு. "இந்தப் பய செய்யிறது சரியா தாயி"ன்னு கேளு. நான் கேட்டேன். "கிறுக்குப்பய தாத்தா அவன், எட்வர்டு"ன்னா. உம் மகளுக்கு உன்னைவிட வெவரம் ஜாஸ்தி.

நீ என்ன முழிக்கே? உனக்கும் ஆசைதான், தெரியும். வெட்கப்படாதே. 1998லயே பெரியவங்க ரயில்ல கூச்சமில்லாம வச்சுப் படிக்க, பழைய ரயில் எஞ்சின் போட்டோ போட்டு ஹாரி பாட்டருக்குத் தனி அட்டை அடிச்சாங்க. 2012ல அமெரிக்காவுல கணக்கெடுத்தா, எளவட்டங்களுக்குன்னு எழுதின புஸ்தகத்தை வாங்குறவங்கள்ல 55 சதவீதம் 18 வயசும் அதுக்கு மேலயும் ஆன ஆளுக. பெரும்பாலும் தாங்க படிக்கிறதுக்குன்னேதான் வாங்கியிருக்காங்க. நீ தினத்தாள்ல சுத்திக்கோ.

இதுக்குப் பெறகும் நிறுத்தியே ஆகணும்னா, கைகண்ட வைத்தியம் ஒண்ணு இருக்கு. நம்ம நாட்டுல அதுல பொழச்ச புஸ்தகமே கிடையாது. பாடத்துல வச்சிரு. பத்தி பத்தியாப் பிரிச்சுக் கோனார் உரை போடு. "வோல்டிமார்ட்டின் குணநலன்களை ஒரு பக்க அளவில் விவரி." "பொத்தான் கண்கள் எதைக் குறிக்கின்றன? இரண்டு மதிப்பெண்." "இக்கதையால் நாம் அறியும் நீதி யாது?" ஒரே பருவந்தான். உம் மக அந்தப் புஸ்தகத்தை எடைக்குப் போட்டுருவா. காட்டேரி தானாச் செத்துரும், வெள்ளைப்பூண்டுகூடத் தேவைப்படாது.

ஆனா ஒண்ணு, முத பரீட்சை நீதான் எழுதணும். கேள்வித்தாளை அவ தயாரிக்கட்டும். பாசாக 35 மார்க்கு, திருத்துறது நான். அஞ்சு பாகத்தையும் படிச்சிட்டு வா. அவ என்ன கேப்பான்னு எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். பரீட்சைக் கூடத்துக்குள்ள செல்போன் கொண்டாரப்பிடாது, ஆமா, இப்பவே சொல்லிட்டேன்.