பந்தைத் தேர்வது யார்? பௌலிங் குறித்த ஒரு சிற்றாய்வு

பௌலிங் பந்து வாங்கப் போகிறவருக்கு நூலோர் சொல்லும் விதிகள் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதைக் காட்டிலும் நீளமானவை. எடை பொருந்த வேண்டும், விரல் துளை பொருந்த வேண்டும், மேலோடும் உட்கருவும் பொருந்த வேண்டும், இவை அத்தனையும் எறிபவரின் வேகத்தோடும் சுழற்சியோடும் ஒத்துப்போக வேண்டும். எல்லாம் சரிதான். ஆனால் இவற்றுள் எதுவும் முதற்காரணம் அன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு. பந்தைத் தேர்வது ஆடுபவர் அல்லர். லேனில் பூசியிருக்கும் எண்ணெய்.

இதற்குச் சான்று தரையிலேயே கிடக்கிறது. எறியும் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. அகலவாக்கில் 39 பலகைகள். மரம் தேயாமலிருக்கப் பூசத் தொடங்கிய எண்ணெய், செயற்கைத் தளங்கள் வந்த பிறகும் போகவில்லை. விருந்தாளியாக வந்தது வீட்டுக்காரராகிவிட்டது. பொழுதுபோக்குக் கூடங்களில் பெரும்பாலும் முதல் 40 அடிக்குத்தான் பூசுவார்கள், அதிலும் நடுவில் தாராளமாக, ஓரங்களில் கஞ்சத்தனமாக. எண்ணெயில் பந்து வழுக்கும். காய்ந்த இடம் வந்ததும் பிடிப்புக் கிடைத்து வளையும். வலக்கைக்காரரின் பந்து முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் இடையே சுமார் 6 பாகைச் சாய்வில் நுழைந்தால் ஸ்ட்ரைக் விழ, அதாவது பத்துப் பின்களும் ஒரே எறியில் சாய, வாய்ப்பு மிகுதி. நேராக எறிந்தால் அந்தச் சாய்வு கிட்டாது. எனவே பிடிப்புள்ள மேலோடு தேவை: பாலியஸ்டர் என்னும் பிளாஸ்டிக் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டே போகும், யூரிதேன் சற்றே பிடிக்கும், நுண்துளைகள் கொண்ட ரியாக்டிவ் ரெசின் எண்ணெயைக் குடித்துக்கொண்டே நன்றாகப் பிடிக்கும். எண்ணெய் அதிகமென்றால் சொரசொரப்பான பந்து, குறைவென்றால் மெருகேற்றியது. பந்துகள் எண்ணெயைக் குடிக்கக் குடிக்க லேனின் நிலை மாறுகிறது. முதல் ஆட்டத்தில் சரியாக இருந்த பந்து மூன்றாவதில் தடம் புரள்கிறது. இத்தனைக்கும் எண்ணெய் எங்கே எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, எறிந்துதான் அறிய வேண்டும். தேர்ந்த பிறகே எறியலாம், எறிந்த பிறகே தேரலாம் என்ற இச்சிக்கலை நூலோர் பல பந்துகளைச் சுமந்து வருவதன் மூலம் தீர்த்துவிட்டதாகக் கருதுகிறார்கள்.

எடையை மறந்தீரே எனின், மறக்கவில்லை. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது வழங்கிவரும் சூத்திரம். ஆனால் பந்தின் எடைக்கு விதிப்படி உச்சவரம்பு 16 பவுண்டு, ஏறத்தாழ 7.25 கிலோ. ஆக, 73 கிலோவைத் தாண்டிய ஓய்வுபெற்ற குமாஸ்தாவும் 130 கிலோ மல்யுத்த வீரரும் ஒரே பந்தைத் தூக்க வேண்டும்! கனமான பந்து பின்னில் மோதி விலகுவது குறைவு என்பது மெய்யே. ஆயினும் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்தால்தான் நழுவாது என்றால் அந்தப் பந்து எத்தனை பவுண்டானாலும் ஆகாது. சூத்திரத்தைவிடக் கட்டைவிரல் நம்பத்தக்கது.

மனிதன் எண்ணெயை வென்றதற்குத் தொழில்முறை ஆட்டக்காரர் டான் மெக்யூன் சாட்சி என்பர் வேறு சிலர். 1973இல் அவர் பிளாஸ்டிக் பந்தை ரசாயனத்தில் ஊறவைத்து மேலோட்டை மென்மையாக்கினார். அவ்வாண்டு ஆறு பட்டங்கள் வென்றார். பிறகு பந்தின் கடினத்துக்குக் கீழ்வரம்பு விதித்தார்கள். இது நம் கட்சிக்கே வலுச்சேர்ப்பது. லேன் கேட்டதைக் கொடுக்க ஒருவர் பந்தை ஊறப்போடும் அளவுக்குப் போனார் என்பதைத் தவிர இதில் வேறென்ன தெரிகிறது?

இனி, கூடத்தில் அடுக்கியிருக்கும் பந்துகளில் நிறம் பார்த்து எடுப்பவர் மூடரா? அல்லர். பொதுப்பந்துகள் பெரும்பாலும் பாலியஸ்டர். நேராக எறிபவருக்கு எண்ணெயோடு வழக்கு இல்லை. எடையையும் துளையையும் கை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். மிஞ்சுவது நிறம் ஒன்றே. மிஞ்சியதைக் கொண்டு முடிவெடுப்பது தருக்கத்துக்கு உடன்பாடானது. இதை நூலோரே ஒப்புக்கொள்கிறார்கள். மூலையில் பத்தாம் பின் மட்டும் தனியே நிற்கும்போது, அவர்களில் பெரும்பாலோர் விலையுயர்ந்த ரெசின் பந்தை வைத்துவிட்டு, வளையாமல் போகும் பிளாஸ்டிக் பந்தைத்தான் எடுக்கிறார்கள். ஒளி ஊடுருவும் அந்த வகைப் பந்துக்குள் மண்டையோடு பதித்தும் விற்கிறார்கள். அது எந்த லேனுக்குப் பொருத்தம் என்று எந்த நூலும் பேசுவதில்லை.