நன்றி அறிவிப்புக் கூட்டம்

(தேர்தல் முடிந்ததும் ஊர் ஊராக நன்றி அறிவிப்புக் கூட்டம் நடக்கிறது. எந்த மேடையிலும் எவரும் பேசாத உரை இது.)

பெரியோர்களே, தாய்மார்களே, எனக்கு ஓட்டுப் போடாத மகாஜனங்களே!

முதல் கும்பிடு உங்களுக்குத்தான். எனக்குப் போட்டவர்களுக்கு அவசரமில்லை. அவர்களை முந்தின ராத்திரியே கவனித்தாகிவிட்டது.

கணக்கு சொல்கிறேன். தொகுதியில் 100 பேர் என்றால் 70 பேர் பூத்துக்கு வந்தீர்கள். எனக்கு விழுந்தது 25. நான் வேண்டாம் என்றது 45. அந்த 45-ம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் இன்று நான் வீட்டில் குப்புறப் படுத்திருப்பேன். நீங்களோ 20, 12, 8, 5 என்று கூறு போட்டு வைத்தீர்கள். அந்த 5-க்காரர் நின்றதே என் செலவில்தான் என்பது வேறு விஷயம். 25 வாங்கிய நான் இப்போது 100 பேருக்கும் பிரதிநிதி. வராத 30 பேருக்கும் சேர்த்து நானே பேசுவேன்.

அப்புறம் நம்ம நோட்டாத் தம்பிகள். ‘யாரும் வேண்டாம்’ என்று சொல்ல 2013-ல் உச்ச நீதிமன்றம் வாங்கிக் கொடுத்த பொத்தான். அழுத்தினால் ‘பீப்’ என்று சத்தம் வரும், அவ்வளவுதான் வரும். நோட்டாவே முதலிடம் பிடித்தாலும் அடுத்து நிற்கிற நான்தான் எம்.எல்.ஏ. கோபத்தைக் கொட்ட அரசாங்கமே குப்பைத்தொட்டி வைத்திருக்கிறது, தாராளமாகக் கொட்டுங்கள்.

எதிர்க்கட்சி அண்ணன்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். 1991 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. 22 சதவீத ஓட்டு வாங்கியது. 234-ல் கிடைத்தது 2. 1996-ல் அ.தி.மு.க.வுக்கு 21 சதவீதம், கிடைத்தது 4. 2014 மக்களவைத் தேர்தலில் தி.மு.க.வுக்கு 23 சதவீதம், ஒரு இடம்கூட இல்லை. 2024-ல் அ.தி.மு.க.வுக்கு 20 சதவீதம், அதே முட்டை. இப்படி மாறி மாறி மிதிபட்டவர்கள் என்ன செய்தார்கள்? தோற்ற வருஷம் முணுமுணுப்பு, ஜெயித்த வருஷம் மறதி. அடுத்த முறை மிதிக்கப்போகிற கால் நம்முடையது என்றால் செருப்பை யார் குறை சொல்வார்?

வடக்கே பகுஜன் சமாஜ் கட்சிக்கு 2014-ல் 2 கோடிக்கும் மேல் ஓட்டு. எம்.பி. ஒருவர்கூட இல்லை. காலங்காலமாக ஒதுக்கப்பட்ட சனம், வெயிலில் வரிசை கட்டி நின்று விரலில் மை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியது. மை மட்டும் எல்லோருக்கும் சமம். அதில் நாங்கள் கண்டிப்பு.

ஓட்டுக்கு ஏற்றபடி இடத்தைப் பங்கிடலாமே என்கிறார்கள் சிலர். புதுசா என்ன? சட்ட ஆணையம் 1999-லேயே 170-ஆவது அறிக்கையில், கூடுதலாகச் சில இடங்களை உருவாக்கிக் கட்சிகளின் ஓட்டு விகிதப்படி நிரப்பலாம் என்று எழுதிக் கொடுத்தது. படித்துப் பார்த்தோம், பத்திரமாக வைத்திருக்கிறோம். நியூசிலாந்தில் 1993-ல் சனங்களிடமே கேட்டு முறையையே மாற்றிவிட்டார்களாம். ஆடு மேய்க்கிற ஊர், பொழுது போகவில்லை. நமக்கு நிலையான ஆட்சி வேண்டும். நிலையாக இருப்பது நானா ஆட்சியா என்று கேட்காதீர்கள்.

மனு கொண்டுவந்தவர்கள் வரிசையில் வரலாம். அம்மா, குடிதண்ணீர்க் குழாயா? எந்தத் தெரு? தம்பி, அந்த பூத் லிஸ்டை எடு. நமக்கு அங்கே 31 ஓட்டா... மனுவைக் கொடுத்துவிட்டுப் போங்கம்மா, பார்க்கலாம்.