ஒன்றுமில்லை என்பதற்கு ஒரு சான்று

அனுப்புநர்:
கணவன் ஒரு கண்டத்திலும் மனைவி மறு கண்டத்திலுமாகக் காத்திருப்போர்.

பெறுநர்:
தேசிய விசா மையம், போர்ட்ஸ்மத், நியூ ஹாம்ப்ஷயர், அமெரிக்க ஐக்கிய நாடுகள்.

பொருள்: துணைவர் குடியேற்ற விசா – வெளிநாட்டுக் காவல்துறைச் சான்றிதழ்கள் – எதுவும் செய்யாதிருந்தமைக்கு ஆவணம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: குடியேற்றம் மற்றும் குடியுரிமைச் சட்டம், 1952, பிரிவு 222 (பி).

மதிப்பிற்குரிய மையத்தின் பார்வைக்குப் பணிந்து சமர்ப்பிக்கப்படுவது:

அமெரிக்கக் குடிமக்களை மணந்தவர்கள் குடியேற்ற விசாவுக்காகத் திரட்டும் ஆவணங்களில், பிறப்புச் சான்றும் திருமணச் சான்றும் நடந்தவற்றைச் சொல்வன. காவல்துறைச் சான்றிதழோ நடக்காததைச் சொல்வது. ஒருவரைப் பற்றித் தன் பதிவேடுகளில் என்ன இருக்கிறதென்று ஒரு நாட்டின் காவல்துறையோ, அப்பணிக்கென அந்நாடு குறித்துவைத்த வேறோர் அலுவலகமோ எழுதித் தரும் தாளே இச்சான்றிதழ் என்பதாலும், பெரும்பாலானோரைப் பற்றி அப்பதிவேடுகளில் ஒரு வரியும் இருப்பதில்லை என்பதாலும், முத்திரையும் கையொப்பமும் வரிசை எண்ணும் தாங்கி வந்து சேர்வது வெறுமையே. போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்காத குடும்பம் என்பது தமிழ்நாட்டில் சம்பந்தம் பேசும்போது பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மாறி மாறிச் சொல்லிக்கொள்ளும் பெருமை. அப்பெருமையை மெய்ப்பிக்க அக்குடும்பத்தின் பிள்ளை இப்போது வாழ்ந்த நாடுகள்தோறும் அவ்வாசலைத் தேடிச் சென்று மிதிக்க வேண்டியிருக்கிறது. மடியில் கனமில்லாதவருக்கு வழியில் பயமில்லை என்ற பழமொழியை மையம் மறுக்கவில்லை. கனமில்லை என்பதற்கு எடைச்சீட்டு மட்டுமே கேட்கிறது.

எந்தெந்த நாட்டின் எடைச்சீட்டு வேண்டும் என்பதை மையத்தின் விதி மாதக் கணக்கில் வரையறுக்கிறது. விண்ணப்பதாரர் 16 வயது நிரம்பியவராக இருந்து, தம் குடியுரிமை நாட்டிலோ இப்போது வசிக்கும் நாட்டிலோ 6 மாதங்களுக்கு மேல் வாழ்ந்திருந்தால் அந்நாட்டின் சான்றும், முன்பு வேறெந்த நாட்டிலேனும் 12 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்திருந்தால் அந்நாட்டின் சான்றும் தர வேண்டும். எங்கேனும் கைதாகியிருந்தால் வயதும் பார்ப்பதில்லை, காலமும் பார்ப்பதில்லை. இவ்விதியிலிருந்து மனித இயல்பைப் பற்றிய ஒரு கோட்பாட்டை வருவிக்க முடிகிறது: சொந்த ஊரில் ஆறே மாதத்தில் கெட்டுப்போகக்கூடிய மனிதருக்கு, ஒருமுறை போய்வந்த அயல்நாட்டில் கெட்டுப்போக முழுதாக ஓராண்டு பிடிக்கிறது. துபாயில் 11 மாதம் வேலை பார்த்துத் திரும்பியவரைப் பற்றி அங்கே யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. முதலாளி கெஞ்சினார் என்று இன்னொரு மாதம் தங்கிவிட்டவரோ விசாரணைக்குரியவர். நாடுவாரியாக மையம் பின்பற்றும் அட்டவணையில் சில நாடுகளுக்கு எதிரே, காவல்துறைச் சான்று கிடைக்காது என்று எழுதப்பட்டிருப்பதும், அந்நாடுகளில் வாழ்ந்தவர்களிடம் அதைக் கேட்பதில்லை என்பதும் கவனத்துக்குரியவை. பதிவேட்டை ஒழுங்காக வைத்திருக்கும் நாடாகப் பார்த்துப் பிழைக்கப் போனதுதான் மற்றவர்கள் செய்த ஒரே பிழை போலும்.

இல்லை என்ற ஒரு சொல்லைச் சொல்வதில் நாடுகள் காட்டும் வேறுபாடு தனி ஆய்வுக்கே இடந்தருவது. இந்தியாவில் பாஸ்போர்ட் அலுவலகம் 500 ரூபாய் கட்டணத்தில் வழங்கும், பி.சி.சி. என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் தாள், இன்னார்மீது பாதகமான தகவல் ஏதுமில்லை என்ற அளவில் நின்றுவிடுகிறது. தகவல் இல்லை என்கிறதே ஒழிய, ஆள் நல்லவர் என்று வாக்குக் கொடுப்பதில்லை. மலேசியா தாராள மனம் படைத்தது. தாளுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் என்றே பெயரிட்டு, அதைத் தன் வெளியுறவு அமைச்சின் வழியாகத் தருகிறது. ஹாங்காங் வழங்குவது குற்றத்தீர்ப்பு இல்லை என்பதற்கான சான்றிதழ். குற்றம் செய்தாரா என்ற கேள்விக்குள் அது தலையை நுழைப்பதில்லை. ஜெர்மனியில் பான் நகரிலுள்ள கூட்டாட்சி நீதி அலுவலகம், நடத்தைச் சான்று என்று பெரிதாகத் தலைப்பிட்டுவிட்டு, நடத்தையைப் பற்றிச் சொல்லக் கூடியது பதிவு இல்லை என்ற இரண்டு சொற்களே என்று முடித்துக்கொள்கிறது. ஜப்பானியத் தாளின் பெயர் குற்ற வரலாற்றுச் சான்றிதழ். வரலாறு இல்லாதவரும் அந்தப் பெயருள்ள தாளைத்தான் வாங்கியாக வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விஞ்சியது பிரிட்டன். அங்குள்ள ஆக்ரோ என்னும் குற்றப்பதிவு அலுவலகம் தரும் சான்றில் இல்லாமை இரு வகைப்படும்: ஒன்று தடயம் இல்லை, மற்றொன்று நடப்புத் தடயம் இல்லை. முன்னது பெயரே ஏட்டில் ஏறாதவருக்கு. பின்னது, பதிவு ஒன்று இருந்தும், பழையது என்றோ அற்பமானது என்றோ விதிப்படி வெளியே சொல்லாமல் விடப்பட்டவருக்கு. அதாவது, சொல்ல மாட்டோம் என்பதைச் சொல்லிவிடும் சான்று. இந்தியத் தருக்க நூலார் இன்மையை, அதாவது அபாவத்தை, ஒரு தனிப் பொருளாகவே கொண்டு நான்காகப் பகுத்தனர். குடம் வனையப்படுவதற்கு முன் களிமண்ணில் குடம் இல்லாதிருப்பது முன்னின்மை என்றும், உடைந்த பின் ஓட்டில் குடம் இல்லாதிருப்பது அழிவுபாட்டின்மை என்றும் விளக்கினர். நடப்புத் தடயம் இல்லை என்பதை எந்த வகையில் சேர்ப்பது என்று அவர்களைக் கேட்டால், ஓட்டைப் பொறுக்கி வைத்துக்கொண்டு குடம் இல்லை என்பதுதான் அது என்று பதில் வந்திருக்கும்.

தாளைக் கையில் வாங்குவது வேறு கதை. சிங்கப்பூர்க் காவல்துறை வெளிநாட்டவரிடம், இச்சான்று உண்மையில் தேவைதான் என்பதற்கு, அதைக் கோரிய அலுவலகத்தின் கடிதத்தைக் காட்டச் சொல்கிறது. ஆகவே நல்லவர் என்று எழுதி வாங்கப் போகிறவர், நல்லவரா என்று கேட்கப்பட்டிருப்பதை முதலில் எழுதிக் காட்ட வேண்டும். ஹாங்காங் தன் சான்றை விண்ணப்பதாரர் கையில் கொடுக்காமல் கேட்ட அலுவலகத்துக்கே அனுப்பிவிடுகிறது. ஜப்பானியக் காவல்துறை கையில் கொடுத்தாலும் உறையிலிட்டு ஒட்டிக் கொடுக்கிறது. உறை பிரிக்கப்பட்டால் சான்று செல்லாது. விளக்கு வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துப் பார்த்தாலும் எழுத்துத் தெரியாத அந்த உறையைப் பீரோவில் பட்டுப்புடவைக்கடியில் வைத்துக் காக்கும் மனைவிக்கு, தன்னைப் பற்றி உலகில் எல்லோரும் படிக்கலாம், தான் மட்டும் படிக்கக்கூடாது என்ற நிலை வாய்க்கிறது. திருமணமான பெண்களில் பலருக்கு இது முற்றிலும் புதிய அனுபவமன்று என்பதை மையத்துக்கு இடைக்குறிப்பாகத் தெரிவிப்பதில் தவறில்லை.

நாட்டைவிட்டு வந்த பின் சான்று கேட்போரிடம் சில நாடுகள் பத்து விரல்களின் ரேகையையும் அட்டையில் பதித்து, உள்ளூர் அதிகாரியின் முத்திரையோடு அனுப்பச் சொல்கின்றன. ரேகை எடுப்பது கைநாட்டு வைப்பது போன்றதன்று. நகத்தின் ஒரு விளிம்பு தொடங்கி மறுவிளிம்பு வரை விரலை உருட்ட வேண்டும், கட்டைவிரலை உடலை நோக்கியும் மற்ற விரல்களை வெளிப்புறமாகவும் உருட்ட வேண்டும், அழுத்தினால் மை பரவிக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தொட்டும் தொடாமலும் உருட்டினால் நடுவில் வெள்ளை விழும். வருடக்கணக்கில் பாத்திரம் தேய்த்தோ சிமெண்டுக் கலவை அள்ளியோ கோடுகள் தேய்ந்துபோன விரல்களுக்கு அட்டை அட்டையாகச் செலவாகும். உழைத்த கை அடையாளமற்றுப் போவதும், அடையாளம் தெளிவாக விழாத கையைச் சந்தேகத்துடன் பார்ப்பதும் இம்முறையின் உள்ளேயே இருப்பவை. 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி சாலைக்குக் கப்பி தருவதாக ஒப்பந்தம் செய்தவரின் கையை மையில் தோய்த்துப் பதித்ததும், 1897-இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் தொடங்கியதும், அங்கே பணியாற்றிய அஜீசுல் ஹக், ஹேம்சந்திர போஸ் இருவரும் ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு உழைத்ததும் இவ்வரலாற்றின் முன்னுரை. உலகுக்குக் கொடுத்த மை, வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்திருக்கிறது.

பெயர்ச் சிக்கல் தமிழருக்கென்றே அமைந்தது. தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக முன்னால் வைத்துக்கொண்டு குடும்பப்பெயர் இன்றி வாழ்பவர்களின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயருக்கான இடம் வெறுமையாக இருப்பதால், அமெரிக்க விசாவில் அவர்களுடைய ஒரே பெயர் குடும்பப்பெயர் ஆகி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சாகிறது, முதற்பெயர் தெரியவில்லை என்பது அதன் விரிவு. ஆக, பெயர் தெரியாத ஒருவர்மீது குற்றம் எதுவும் தெரியவில்லை என்பதை மூன்று நாடுகள் மூன்று விதமாகப் பெயரெழுதிச் சான்றளிக்க, அம்மூவரும் ஒருவரே என்பதற்கு நான்காவதாக ஓர் உறுதிமொழிப் பத்திரம், நோட்டரி வக்கீலின் சிவப்பு முத்திரையோடு, தேவைப்பட்டுவிடுகிறது.

சான்றின் ஆயுள் இரண்டு ஆண்டு. விட்டு வந்த நாட்டுக்கு மீண்டும் போகாதவரானால் அந்நாட்டின் சான்று கெடுவதில்லை. வாழும் நாட்டின் சான்று மட்டும் கெட்டுவிடும். தருக்க நூலாரின் சொல்லில், மையம் ஏற்பது முன்னின்மையை. விண்ணப்பதாரர் இன்னும் சக்கரத்தில் ஏறாத களிமண், எந்நேரமும் குற்றமாக வனையப்படலாம் என்பதால் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். பார்வையில் கண்ட சட்டம் திருமணத்துக்கும் இரண்டு ஆண்டு என்ற அளவையே வைத்திருப்பது தற்செயலாக இருக்கலாம். மணமாகி இரண்டு ஆண்டு நிறையுமுன் அமெரிக்க மண்ணில் இறங்கும் துணைவருக்கு சி.ஆர். 1 என்ற வகையில், நிபந்தனைக்குட்பட்ட குடியிருப்புரிமைதான் கிடைக்கிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த தாம்பத்தியம் நம்பத்தகாதது. இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட ஒழுக்கமும் நம்பத்தகாதது. காதல் பழுக்க வேண்டும், யோக்கியதை புதிதாகப் பறித்ததாக இருக்க வேண்டும் என்று காய்கறிச் சந்தைக்காரரின் நுட்பத்தோடு வகுக்கப்பட்ட இவ்விரு விதிகளையும் ஒருசேரப் படிப்பவர், கிழக்கே ஒரு கண்ணும் மேற்கே ஒரு கண்ணுமாக நாட்காட்டியைப் பார்க்கப் பழகிவிடுகிறார்.

அரசுப் பதிவைக் கேட்கும் இவ்வழக்கம் மையத்துக்கு மூத்தது. 1924-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டமே, குடியேறுபவர் தம் அரசு தம்மைப் பற்றி வைத்திருக்கும் கோப்பு, சிறைப்பதிவு, ராணுவப்பதிவு ஆகியவற்றின் நகல்களை, கிடைக்குமானால், இரண்டிரண்டாகத் தர வேண்டும் என்றது. அச்சட்டம் நடப்பிலிருந்த 1930-களில் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்ப முயன்ற யூதர்கள் அமெரிக்க விசாவுக்காகச் சேர்த்த ஆவணங்களில் ஜெர்மானியக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றும் இருந்தது. துரத்துகிறவனிடமே போய், ஓடுகிறவன் நல்லவன் என்று எழுதி வாங்கி வரச் சொன்ன அந்த ஏற்பாட்டில், நல்லவன் யார் என்பதை முடிவுசெய்யும் உரிமை எந்தக் கையில் இருந்தது என்பதை மையம் தன் ஆவணக் காப்பகத்தில் ஓய்வாகப் பார்த்துக்கொள்ளலாம். உள்நாட்டுப் போரின் பின் கொழும்புக்குப் போய்ச் சான்று கேட்டு நிற்கும் யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு அக்காப்பகம் தேவைப்படாது.

ஆகவே, விதியைக் கைவிடும்படி கேட்கும் துணிவு இவ்விண்ணப்பத்துக்கு இல்லை. விசாரிக்கத் தகுதியுள்ள அதிகாரி யார் என்பதில் ஒரு திருத்தத்தை மட்டும் முன்வைக்கிறது. தமிழ்நாட்டில் சம்பந்தம் முடிவாகுமுன் பெண் வீட்டுப் பெரியப்பா ஒருவர், யாருக்கும் சொல்லாமல், மாப்பிள்ளையின் ஊருக்குப் பஸ் ஏறுவார். பஸ் நிலையத்து டீக்கடையில் ஒரு டீயும் மளிகைக்கடையில் ஒரு தீப்பெட்டியும் வாங்கி, முடிதிருத்தும் கடையில் வெறும் சவரத்துக்காக அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பும் அவரிடம், பையன் எந்தக் கடையில் எவ்வளவு பாக்கி, அம்மாவிடம் எப்படிப் பேசுவான், பொங்கலுக்குக் குடித்துவிட்டு யாரிடம் வம்பு செய்தான் என்பதெல்லாம் இருக்கும். இவ்வாறு கிடைக்கும் விவரத்தில் பாதி பொய், மீதியில் பாதி பொறாமை. பையனின் சாதியையும் சொத்தையும் துருவாமல் பெரியப்பா எழுந்து வரமாட்டார் என்பதும் உண்மை. ஆயினும் எந்த நாட்டின் பதிவேட்டிலும் காணமுடியாத ஒன்று அதில் இருக்கிறது: விசாரிக்கப்பட்டவரை நேரில் பார்த்தவர்களின் பேச்சு. கட்டணம் பஸ் சார்ஜும் டீக்காசும். அறிக்கை வாய்மொழி, எனவே மொழிபெயர்ப்பாளரின் சான்று தேவைப்படும். செல்லுபடியாகும் காலம் மையம் விரும்பியபடி.

இத்திருத்தம் ஏற்கப்படும் வரை விண்ணப்பதாரர்கள் நடப்பு விதிகளின்படியே தங்கள் வெறுமைகளைச் சேகரித்துவருவார்கள் என்று தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.

இங்ஙனம்,
எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏறாதோர்.

இணைப்பு: ஏதுமில்லை – சான்றொப்பமிட்ட நகல்கள் இரண்டு.