பிராசசர்க் காய்ச்சல்: வைகைக்கரை நோக்கில் ஓர் ஆய்வு

தமிழ் ஆய்ந்த ஊர் என்று பெயரெடுத்த மதுரையில் இதுவரை யாரும் ஆயாமல் விட்ட பொருள் ஒன்று உண்டு. வீட்டில் கையால் பூட்டிய கம்ப்யூட்டரின் பிராசசர் சித்திரை மாதத்தில் ஏன் கொதிக்கிறது? பாதிப் பாகங்களை ஆன்லைனிலும் மீதியைச் சென்னை ரிச்சி தெருவிலும் வாங்கி வந்து, மாடி அறையில் வைத்துப் பையன் பூட்டுகிறான். தை, மாசி வரை குறையில்லை. மே 4 வாக்கில் கத்திரி பிறந்ததும் திரை மூலையில் இருக்கும் எண் 90ஐ நோக்கி நகர்கிறது. ஃபேன் இரைகிறது. பையன் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறான். அது அவன் கைக்குச் சிக்குவதற்குள் இக்கட்டுரை அச்சேற வேண்டும் என்பதால் முகவுரை சுருக்கப்படுகிறது.

முதலில் மறுதரப்பு வாதம். "வீடியோவில இதே பிராசசர், இதே கூலர், 70 டிகிரிதான் காட்டுது. எனக்கு மட்டும் 86 வருது. அப்ப சரக்கு சரியில்லை" என்பர் ஒரு சாரார். இது கொள்ளத்தக்கதன்று. காற்றை நம்பி வாழும் எந்தக் கூலரும் பிராசசரை அறை வெப்பநிலைக்குக் கீழே இறக்க முடியாது. அறையைவிட இத்தனை டிகிரி மேலே அதை நிறுத்தி வைப்பதுதான் அதன் தொழில். எங்கோ குளிர்நாட்டில் 20 டிகிரி அறையில் உட்கார்ந்து சோதித்தவருக்கு 70 வந்தது என்றால், அந்தக் கூலரின் கணக்கு ஐம்பது. அதே கூலர் மதுரை மாடி அறையில், 36 டிகிரியில், 86 காட்டினால் அது தன் வேலையைக் குறைவறச் செய்திருக்கிறது என்றே கொள்க. திரையில் தெரியும் எண்ணிலிருந்து அறையின் எண்ணைக் கழித்த பிறகே கவலைப்படத் தொடங்க வேண்டும். இதைக் 'கழித்தல் விதி' என்று இங்கே வழங்குவோம். கழிப்பதற்கு அறையில் ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் 35இல்தான் தொடங்கும். மே மாதத்தில் அதுவே போதும் என்பது தனிச் செய்தி.

எந்த எண்ணுக்கு அஞ்ச வேண்டும்? இன்டெல்லின் டெஸ்க்டாப் பிராசசர்கள் பலவும் 100ஐத் தொடும்போது தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 2022இல் வந்த ரைசன் 7000 வரிசையில், முழுச் சுமையில் 95 வரை போவது இயல்புதான் என்று ஏஎம்டியே சொல்லிவிட்டது. இந்தத் தற்காப்பு பிறவியிலேயே வந்ததல்ல. 2001இல் டாம்ஸ் ஹார்ட்வேர் இதழார், ஓடிக்கொண்டிருந்த பிராசசர்களின் தலையிலிருந்து ஹீட்சிங்கைக் கழற்றிப் படம் பிடித்தார்கள். பென்டியம் 4 நடையைத் தளர்த்திப் பிழைத்தது. ஆத்லான் புகைந்து மாண்டது.

இனி இத்துறையின் முன்னோடிகள். வெப்பத் தாக்குதலுக்கு ஆளான ஒருவர் திரவத்தில் அமிழ்ந்து தணிந்ததற்கான சான்று இவ்வூரிலேயே இருக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், நெற்றிக்கண்ணின் வெம்மை தாளாமல் நக்கீரர் பொற்றாமரைக் குளத்தில் விழுகிறார். அமெரிக்காவில் கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டரின் சர்க்யூட் பலகைகளை ஃப்ளோரினெர்ட் என்ற மின்கடத்தாத் திரவத்தில் அமிழ்த்தியது 1985இல்தான். முன்னுரிமை யாருக்கு என்பதில் ஐயம் வேண்டாம். தண்ணீர் மின்சாரத்துக்கு ஆகாது என்ற ஒரே காரணத்தால் புலவர் முறையை நாம் பின்பற்ற முடியவில்லை. ஆற்றில் இறங்கும் அழகர்மீது தோல்பைத் துருத்தியால் பீய்ச்சும் முறையும் அதே காரணத்தால் தள்ளுபடி. எஞ்சுவது திருமலை நாயக்கர் முறை. வசந்த விழாவுக்காக அவர் எழுப்பிய புதுமண்டபத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்க அகழி அமைத்தார்கள். தண்ணீர் சுற்றி நிற்கும், சுவாமியைத் தொடாது. இன்றைய லிக்விட் கூலரிலும் தண்ணீர் குழாய்க்குள்ளேயே சுற்றி வருகிறது, பிராசசரைத் தொடுவதில்லை. பம்ப் நின்றுவிட்டால் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடும்.

அடுத்தது தெர்மல் பேஸ்ட். இங்கே ஆய்வாளன் நிதானமாக நடக்க வேண்டும், சமயப் பூசல் உண்டு. பிராசசர் மூடியும் கூலரின் அடியும் பார்க்க வழவழப்பாக இருந்தாலும் நுண்ணிய பள்ளங்களில் காற்று தங்கும். செம்பு கடத்தும் வெப்பத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் காற்று கடத்தாது. அந்தக் காற்றை விரட்டி இடத்தைப் பிடிப்பதே பேஸ்ட்டின் வேலை. அதை எப்படி இடுவது என்பதில் மூன்று மரபுகள். நடுவில் ஒரு பொட்டு போதும் என்பர் சாக்தர். குறுக்கே மூன்று பட்டை என்பர் சைவர். நெடுக்காக ஒரு கோடு என்பர் வைணவர். எதை இட்டாலும் கூலரை வைத்துத் திருகும்போது அழுத்தம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பரப்பிவிடுகிறது. மீனாட்சி கல்யாணத்தையும் அழகர் திருவிழாவையும் ஒரே சித்திரையில் இணைத்ததாகத் திருமலை நாயக்கரைச் சொல்வார்கள். பேஸ்ட் விஷயத்தில் அந்தப் பணியைச் செய்வது நான்கு திருகாணிகள்.

உண்மையில் பேஸ்ட்மீது சுமத்தப்படும் பழிகளில் பெரும்பகுதி வேறு இடத்துக்கு உரியது. நோய் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். சுவிட்சைப் போட்டு, ஒரு வேலையும் தராமல் பயாஸ் திரையில் விட்டிருக்கும்போதே எண் விறுவிறுவென்று 80ஐத் தாண்டினால் கூலர் சரியாக உட்காரவில்லை. இன்டெல் பெட்டியோடு வரும் கூலருக்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள். மூலைக்கு மூலை மாற்றி அழுத்த வேண்டும், ஒவ்வொன்றும் 'டக்' என்று விழ வேண்டும். மூன்று விழுந்து ஒன்று விழாமல் நின்றால் கூலர் ஒருபக்கம் சாய்ந்துவிடும், மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. போர்டைக் கழற்றிப் பின்பக்கம் பார்க்க வேண்டும். தனியாக வாங்கிய கூலராக இருந்தால் அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரித்தாயிற்றா என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் வர நேரமானால் அதுவே பதில்.

எண் மெல்ல மெல்ல, கால் மணி நேரத்தில் ஏறினால் அது காற்றோட்டக் கோளாறு. ஆடிக் காற்று கொண்டு வந்த புழுதி ஹீட்சிங்கின் இடுக்குகளில் கம்பளிபோல் படிந்திருக்கும். ஆயுத பூஜைக்குப் போட்ட மாலை முன்பக்க ஃபேனின் வாயில் சருகாகத் தொங்கும். பின்பக்க ஃபேன் திருப்பி மாட்டப்பட்டு வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்க, இல்லையேல் அது தறிகெட்டுச் சுழன்று பேரிங் போய்விடும். பெட்டிக்குத் துணி உறை போடும் குடும்பங்களுக்கு, 2017 ஏப்ரலில் வைகை அணையில் விரித்த தெர்மோகோலை நினைவூட்டலாம். வெயிலை மறைக்கப் போனவர்கள் காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. அட்டைகள் கரைக்கு வந்துவிட்டன.

காற்றோட்டத்தைப் பற்றி இத்துறையில் கிடைத்துள்ள மிகச் செறிவான கூற்று ஒரு மதுரைத் தாயாருடையது: "செவுத்தோட ஒட்டி வச்சுட்டு சுடுது சுடுதுங்கிற. அங்கிட்டுத் தள்ளி வையிடா, மூச்சு விடட்டும்." கம்ப்யூட்டர் டேபிளின் கதவு போட்ட அறைக்குள் பெட்டியை அடைத்து வைப்போர் இதை இருமுறை படிக்க.

இன்னொரு காரணம் பெட்டியின் மேலே அச்சிட்டிருப்பதை நம்புவது. 12ஆம் தலைமுறை ஐ7-12700இன் அட்டவணையில் 65 வாட் என்று இருக்கும். அதே அட்டவணையில் உச்சம் 180 வாட். சில மதர்போர்டுகள் அந்த உச்சத்தையே அன்றாடமாக்கிவிடும். பயாஸில் புகுந்து வரம்பை 65க்கு இறக்கினால் வேகத்தில் சிறிது போகும், வெப்பத்தில் நிறையப் போகும். கத்திரி முடியும்வரை மட்டும் இப்படி வைத்திருப்பது ஒரு நல்ல ஏற்பாடு. செலவும் கிடையாது.

இத்தனையும் செய்தபின், காலையில் ஒழுங்காக இருந்த கம்ப்யூட்டர் இரவு 9 மணிக்கு மறுபடி கொதித்தால், ஆய்வாளன் அண்ணாந்து பார்க்க வேண்டும். மேலே மொட்டை மாடி. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் பொழுது சாய்ந்தபின் அதை அறைக்குள் விடுகிறது. மாலையில் மாடியில் தண்ணீர் தெளிக்கலாம், வெள்ளைப் பூச்சு அடிக்கலாம். கம்ப்யூட்டரைக் கீழ்த்தள ஹாலுக்கு இறக்குவது இவை எல்லாவற்றிலும் சிறந்தது, கழித்தல் விதிக்கும் உகந்தது. ஆனால் இரவு 9 மணிக்கு அந்த ஹாலில் சீரியல் ஓடும். அந்நேரம் அங்கே கேபினெட்டோடு நுழைபவனுக்கு எதிரே ஏறக்கூடிய வெப்பநிலை இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது.