பேதுருவுக்கு மாமியார் உண்டா? – ஆவூர்க் கேள்வி-பதில்

கல்லூரி மாணவர், கீரனூர்: ஆவூரில் பழைய கோயிலைக் கட்டியது 1547இல் என்று படித்தேன். அவ்வளவு பழசா?

கட்டியவர் யார் என்று போட்டிருந்தது? பூசே சாமியார்தானே? அவர் பிரான்சில் பிறந்தது 1655இல். பிறப்பதற்கு 108 வருஷம் முன்னாலேயே கொத்தனாருக்குக் கூலி கொடுத்திருக்க முடியாது. அவர் சேர்ந்திருந்த மதுரை மிஷனுக்கு வித்திட்ட நொபிலி மதுரைக்கு வந்ததே 1606இல்தான். 1697 என்பதுதான் பொருந்துகிற கணக்கு. எங்கோ இரண்டு எண் பிசகி அப்படியே ஊர் சுற்றுகிறது. புதுக் கோயில் 1747. விவிலியம் படிக்கும்போதும் இதே சந்தேகப் புத்தியோடு படியுங்கள். ஆளையும் ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் பாதிப் புரளி படுத்துவிடும்.

இல்லத்தரசி, மாத்தூர்: ஒவ்வொரு தவக்காலத்திலும் தொடக்க நூலிலிருந்து ஆரம்பிக்கிறேன். முடித்ததே இல்லை.

லேவியர் நூலில் நின்றிருப்பீர்கள். ஊரே அங்கேதான் இறங்குகிறது. மாற்கில் ஆரம்பியுங்கள். பதினாறே அதிகாரம், சமையல் முடித்து உட்கார்ந்தால் சாயங்காலப் பூசைக்குள் முடிந்துவிடும். அப்புறம் லூக்கா. அது முடிந்த கையோடு திருத்தூதர் பணிகள். இரண்டும் ஒரே ஆசிரியர், தெயோபில் என்ற ஒரே ஆளுக்கு எழுதிய இரண்டு பாகங்கள். நடுவில் யோவான் உட்கார்ந்திருப்பதால், பலர் முதல் பாகத்தோடு எழுந்து போய்விடுகிறார்கள். கப்பல் உடைவது, சிறைக் கதவு திறப்பது, பாம்பு கடிப்பது எல்லாம் இரண்டாம் பாகத்தில்தான்!

டீக்கடைக்காரர், ஆவூர்: எங்கள் பைபிளில் 73 புத்தகம், எதிர்க்கடைக்காரர் பைபிளில் 66. யாருடையது சரி?

சண்டை ஏழு புத்தகத்துக்கு: தோபித்து, யூதித்து, மக்கபேயர் இரண்டு, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு. எல்லாமே பழைய ஏற்பாடு. திருத்தூதர்கள் நடமாடுகிற புதிய ஏற்பாடு இரண்டு பேருக்கும் 27தான். அந்த 27ஐயும் இரண்டு பேரும் படித்து முடித்துவிட்டு வாருங்கள். பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அதற்குள் டீ ஆறிவிடும்.

புது மாப்பிள்ளை, இலுப்பூர்: பேதுருவுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா?

மாமியாருக்குக் காய்ச்சல் என்று மாற்கு முதல் அதிகாரத்திலேயே எழுதிவிட்டார். கல்யாணம் ஆகாதவருக்கு ஏது மாமியார்? காய்ச்சல் விட்டதும் அந்த அம்மா எழுந்து வந்தவர்களுக்கெல்லாம் பணிவிடை செய்தார். மனைவியின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் பேதுரு ஊர் ஊராகப் போனபோது அவரும் கூடப் போனார் என்பது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம் 9ஆம் அதிகாரத்தில் தெரிகிறது. உங்கள் வீட்டம்மாவும் கூட வருகிறேன் என்றால் மறுக்காதீர்கள். முன்னுதாரணம் பெரிய இடத்தில் இருக்கிறது.

ஓய்வு பெற்ற தபால்காரர், குளத்தூர்: என் பெரியப்பா, அப்பா, சித்தப்பாமார் பெயர்கள் இராயப்பன், சின்னப்பன், அருளப்பன், பெலவேந்திரன். பைபிளில் இவர்கள் யார்?

பேதுரு, பவுல், யோவான், அந்திரேயா. பாதிப் புதிய ஏற்பாடு உங்கள் ரேஷன் கார்டிலேயே இருந்திருக்கிறது. இன்னும் வேறெங்கே தேடுகிறீர்கள்?

மறைக்கல்வி ஆசிரியை, விராலிமலை: பன்னிரண்டு பேரும் ஆண்கள். பெண்களைப் பற்றி வகுப்பில் கேட்டால் என்ன சொல்வது?

உரோமையர் கடிதம் 16ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொல்லுங்கள். வெறும் பெயர்ப் பட்டியல் என்று எல்லோரும் தாண்டிப் போகிற பக்கம் அது. எனக்குப் பிடித்த பக்கமும் அதுதான்.

முதல் ஆள் பெபேயா. கெங்கிரேயா சபையின் தொண்டர். பவுலின் மிகப் பெரிய கடிதத்தை உரோமைக்குச் சுமந்து போனவரே இவர்தான் என்பது அறிஞர்களில் பலருடைய முடிவு. அடுத்து பிரிஸ்கா. பவுலைப் போலவே கூடாரத் தொழில் செய்தவர்; கணவர் அக்கில்லாவின் பெயர் இவர் பெயருக்குப் பின்னால்தான் வருகிறது. ஏழாம் வசனத்தில் யூனியா. திருத்தூதர்கள் நடுவே பேர் பெற்றவர் என்று பவுலே மெச்சுகிறார். பின்னால் வந்த சிலர் அவருக்கு மீசை வைத்து ஆணாக்கிப் பார்த்தார்கள். நான்காம் நூற்றாண்டில் கிரேக்கத்தைத் தாய்மொழியாகக் கொண்ட யோவான் கிறிசோஸ்தோம், பெண் என்றே புகழ்ந்திருக்கிறார். மீசை ஒட்டவில்லை.

மகதலா மரியாவை விபச்சாரி என்று எந்த நற்செய்தியும் சொல்லவில்லை. 591இல் பெரிய கிரகோரியார் ஒரு பிரசங்கத்தில் மூன்று பெண்களை ஒருவராக்கிவிட்டார். பழி மகதலா மரியாமேல் விழுந்தது. 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவருடைய ஜூலை 22ஆம் நாளைத் திருத்தூதர்களுக்கு உரிய விழா நிலைக்கு உயர்த்தினார். பதினான்கு நூற்றாண்டுப் பழி. பாஸ்கா என்கிற பாடுகளின் நாடகத்துக்கு வசனம் எழுதுகிறவர்கள் இனியாவது பேனாவைக் கழுவிக்கொள்ள வேண்டும்.

பாஸ்கா ரசிகர், அன்னவாசல்: ஈஸ்டருக்கு ஆவூருக்கு வந்துவிடுவேன். நான் இந்து. பாஸ்காவில் பார்ப்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறதா?

வந்துகொண்டே இருங்கள். பாஸ்காவும் அதை ஒட்டி வருகிற தேரும் எல்லோருக்கும் பொது. பாஸ்கா மேடைகளில் துணியால் முகம் துடைக்கிற வெரோணிக்கா நற்செய்தி நான்கிலும் இல்லை. மூன்று முறை விழுவதும் இல்லை. அது மக்கள் பக்தி சேர்த்தது; கண்ணீர் உண்மையானது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புத்தகத்தில் இருந்தும் மேடை ஏறாத ஒருவன் இருக்கிறான். மாற்கு 14இல், காவலர் பிடித்த துணியை அவர்கள் கையிலேயே விட்டுவிட்டு வெறும் உடம்போடு ஓடிய வாலிபன். அந்த வேஷத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

பத்தாம் வகுப்பு மாணவி, புதுக்கோட்டை: தேம்பாவணியில் கருணையன் தாயை அடக்கம் செய்து அழுகிறான். இது பைபிளில் எங்கே?

எங்கேயும் இல்லையம்மா. கருணையன் என்பது திருமுழுக்கு யோவான். அவருடைய தாய் எலிசபெத்து லூக்கா முதல் அதிகாரத்தோடு கதையைவிட்டுப் போய்விடுகிறார். மகன் பாலைநிலத்தில் வளர்ந்தான் என்று ஒரே வரி. தாய் எப்போது இறந்தாள், யார் புதைத்தார்கள் என்ற பேச்சே கிடையாது. எழுதாமல் விட்ட அந்த இடத்தில்தான் வீரமாமுனிவர் நுழைந்து ஒரு பிள்ளையின் அழுகையை வைத்தார்.

1680இல் இத்தாலியில் பிறந்தவர், நம் ஆவூரிலும் பணி செய்தவர். தேம்பாவணிக்கு அவர் தேர்ந்தெடுத்த நாயகனைப் பார். நற்செய்திகளில் சூசையப்பர் வாய் திறந்து பேசியதாக ஒரு சொல்கூடக் கிடையாது. ஒரு வார்த்தை பேசாதவருக்கு 36 படலம், 3615 பாட்டு!

வரலாற்று ஆசிரியர், நார்த்தாமலை: பூசே சாமியார் ஆராய்ச்சியும் செய்தாராமே?

செய்தார். பிரெஞ்சு ஆயர் ஊவேக்கு நீண்ட கடிதமே எழுதினார். பிரம்மா என்பது ஆபிரகாம், சரஸ்வதி என்பது சாரா, இந்தியக் கதைகளெல்லாம் மோசேயிடம் இரவல் வாங்கியவை என்பது வாதம். நம் கதைகளை அவ்வளவு அக்கறையாகக் கேட்டு எழுதிய மனிதருக்கு என் வணக்கம் உண்டு. முடிவுக்கு வணக்கம் கிடையாது. ஓசை ஒத்துப்போனால் உறவு என்றால் சம்பந்தி வீட்டுக்குக் கணக்கே இருக்காது.

ஊராட்சி உறுப்பினர், விராலிமலை: யூதாசின் இடத்துக்கு ஆள் எடுத்தது எப்படி? தேர்தலா?

பாதி தேர்தல். தகுதி வைத்தார்கள்: திருமுழுக்கு யோவான் காலம் முதல் கூடவே இருந்திருக்க வேண்டும். இரண்டு பேர் தேறினார்கள், யோசேப்பு பர்சபா, மத்தியா. ஜெபம் செய்து சீட்டுப் போட்டார்கள், மத்தியாவுக்கு விழுந்தது. தகுதி பார்த்துவிட்டுச் சீட்டெடுக்கிற இந்த முறையை உத்திரமேரூர்க் கல்வெட்டு படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு இடத்திலும் பணப்பட்டுவாடா கிடையாது. முப்பது வெள்ளிக்காசு வாங்கிய ஆளின் இடத்தை நிரப்புகிற தேர்தல் அல்லவா?

பாடற்குழு உறுப்பினர், திருச்சி பாலக்கரை: எங்கள் பங்கில் பிரசங்கம் முக்கால் மணி நேரம். தூக்கம் வருகிறது.

திருத்தூதர் பணிகள் 20ஆம் அதிகாரம். துரோவாவில் பவுல் நள்ளிரவுவரை பேசினார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த யூத்திகு என்ற இளைஞன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். தூக்கியபோது பிணம். பவுல் இறங்கி வந்து அணைத்தார், உயிர் இருந்தது. மறுபடி மேலே போய் அப்பம் பிட்டுச் சாப்பிட்டார், விடியும்வரை பேசினார். நீங்கள் தரையில் உட்காருங்கள்.

செவிலியர், திருச்சி: தோமையார் சென்னைக்கு வந்தது எந்த அதிகாரத்தில் இருக்கிறது?

அதிகாரமே கிடையாது. கேரளத்துக்கு கி.பி. 52, மயிலாப்பூரில் மரணம் 72 என்பது மரபு. அவருடைய இந்தியப் பயணத்தைச் சொல்வது விவிலியத்தில் சேராத 'தோமாவின் பணிகள்'. மூன்றாம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுந்தது. அதில் வருகிற கொந்தபாரஸ் ராஜா வெறும் கற்பனை என்றே நினைத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அவன் பெயர் பொறித்த காசுகள் வடமேற்கில் கிளம்பின. மரபை அப்படியே விழுங்கவும் வேண்டாம், துப்பவும் வேண்டாம்.

இன்னொன்று. 'சந்தேகத் தோமா' என்கிறவர்கள் யோவான் 20ஐ மட்டும் படித்தவர்கள். 11ஆம் அதிகாரத்தில், எருசலேம் பக்கம் போனால் கல்லடி விழும் என்று மற்றவர்கள் தயங்கியபோது, போய் அவரோடு செத்துப்போவோம் என்று எழுந்த ஒரே ஆள் இவர்தான்.

வக்கீல், புதுக்கோட்டை: பவுலின் மேல்முறையீட்டு வழக்கு என்ன ஆயிற்று?

உரோமையில் வாடகை வீட்டில் இரண்டு வருஷம் தங்கிப் போதித்தார். அத்தோடு திருத்தூதர் பணிகள் முடிந்தது. தலை வெட்டப்பட்டது என்பது மரபு. லூக்கா தலையைத் தொடவில்லை, கதையை வெட்டிவிட்டார்.

எட்டாம் வகுப்பு மாணவன், ஆவூர்: மாமா, பாஸ்காவில் எனக்கு ஒரு வேஷம் வேண்டும். வசனம் மனப்பாடம் வராது.

மல்கு வேஷம் கேள், தம்பி. தலைமைக் குருவின் வேலைக்காரன். பேதுரு காதை வெட்டுகிறாரே, அவன். நான்கு நற்செய்தியிலும் காது அறுபடுகிறது. பெயரைச் சொல்வது யோவான் மட்டும். காதைத் தொட்டுக் குணமாக்கியதைச் சொல்வது லூக்கா மட்டும். வசனம் கிடையாது, ஒரே அலறல், மேடை உனக்கு. வலது காது என்று லூக்காவும் யோவானும் எழுதிவைத்திருக்கிறார்கள். இடது காதைப் பிடித்துக்கொண்டு அலறினால் முன்வரிசைப் பாட்டிகள் சும்மா விடமாட்டார்கள்.