காய்ச்சல் வழி இலக்கணம்

ஆங்கில இலக்கணத்தைச் சொந்த வாழ்க்கை வழியே கற்பிக்கும் உயரிய முறை, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் லீவ் லெட்டர் எனப்படும். இதில் மாணவருக்கு வருவது காய்ச்சல் மட்டுமே. வயிற்றுப்போக்குக்கு ஸ்பெல்லிங் உதைக்கும் என்பதால் உடம்பும் ஒத்துழைக்கிறது. அவதிப்படுவது நிகழ்காலத் தொடர்வினையில் என்பதால் காய்ச்சல் இறங்குவதே இல்லை. அக்கா கல்யாணம் எதிர்காலம், பாட்டி இறந்தகாலம். ஆண்டுத் தேர்வுக்குள் அதே பாட்டி மூன்று முறை காலமானாலும் வினைமுற்றில் பிழை வராது. ஆசிரியருக்கு அது போதும். தலைமுறைகளுக்கு இலக்கணம் புகட்டிய ரென் அண்ட் மார்ட்டின் நூலின் பி.சி. ரென், 1924இல் ‘போ ஜெஸ்ட்’ என்னும் பாலைவனச் சாகச நாவலை எழுதியவர். துப்பாக்கிச் சண்டையைக் காரணம் காட்டி லீவ் கேட்க அவரும் சொல்லித் தரவில்லை.